ஆன்லைனில் வாங்கும் துப்பாக்கிக்கு டீலர் கேட்கும் ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ்: அமெரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு தொடங்கிய பழக்கம்: சனிக்கிழமை காலை ரேஞ்சில் இலக்குச் சுடுதல், நவம்பர் வந்தால் மான் வேட்டை. அதனால் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றால்கூட யாராவது பக்கத்தில் வந்து கேட்பார்கள்: "ஆன்லைன்ல விலை நல்லா இருக்கு. ஆனா டீலர் தனியா காசு கேக்கறாராமே, அது எதுக்கு?" ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். அடிப்படை எல்லாம் ஃபெடரல் சட்டம். உங்கள் மாநிலம் அதற்கு மேல் சில விதிகளைச் சேர்த்திருக்கும்; அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ் என்றால் என்ன?

ஆன்லைனில் துப்பாக்கி வாங்கினால் அது உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. ஃபெடரல் உரிமம் பெற்ற ஒரு டீலரின் கடைக்குத்தான் போகும். அந்த உரிமத்தின் சுருக்கப் பெயர் எஃப்.எஃப்.எல். டீலர் பெட்டியைப் பிரித்து, துப்பாக்கியைத் தன் பதிவேட்டில் ஏற்றி, உங்களை வரவழைத்துப் படிவம் நிரப்பச் சொல்லி, துப்பாக்கி வாங்க உங்களுக்குச் சட்டத் தடை ஏதும் இருக்கிறதா என்று பின்னணிச் சோதனை செய்து, எல்லாம் சரி என்றால் கையில் கொடுப்பார். இந்த வேலைக்கு அவர் வாங்கும் கூலிதான் ட்ரான்ஸ்ஃபர் ஃபீஸ். ஷிப்பிங் கட்டணம் வேறு, வரி வேறு, இது வேறு. விற்ற இணையக் கடைக்கு இதில் ஒரு காசு போவதில்லை. அதனால்தான் செக்-அவுட் பக்கத்தில் பெரும்பாலும் இந்தத் தொகை கண்ணில் படாது. பலர் கடைக்குப் போய் நின்ற பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதையே தெரிந்துகொள்கிறார்கள்.

டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் வீட்டுக்கு வருகிறது. இதை மட்டும் ஏன் அனுப்பக்கூடாது?

ஒரு காலத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. 1963 மார்ச்சில் சிகாகோவில் இருந்த ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்கு, பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனை நிரப்பி, 21 டாலர் 45 சென்ட்டுக்கு மணி ஆர்டர் வைத்து ஒருவன் அனுப்பினான். 19.95 டாலர் தொலைநோக்கி வைத்த இத்தாலிய ரைபிளுக்கு, மிச்சம் தபால் செலவுக்கு. பெயர் பொய். முகவரி டாலஸில் ஒரு தபால் பெட்டி. யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. அவன்தான் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ரைபிள்தான் அந்த நவம்பரில் அதிபர் கென்னடியைக் கொன்றது. அவன் சுட்ட கட்டடம் இன்றும் டாலஸ் டவுன்டவுனில் நிற்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை நாம் சுற்றிக் காட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

அதன் பிறகும் சட்டம் வர ஐந்து வருடம் ஆனது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று அடுத்தடுத்து இரண்டு கொலைகள். அந்த அக்டோபரில் அதிபர் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உரிமம் இல்லாத ஒருவருக்கு மாநிலம் தாண்டித் தபாலில் துப்பாக்கி அனுப்புவது அதோடு நின்றது. இடையில் ஒரு டீலர் இருந்தாக வேண்டும். வாங்குகிறவரின் முகத்தை அவர் நேரில் பார்த்தாக வேண்டும். நீங்கள் கொடுக்கும் ஃபீஸுக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான். எனக்கு அந்தக் காசு கொடுப்பதில் மனக்குறை இல்லை.

சரி, எவ்வளவு ஆகும்?

இதற்கு அரசு விலை வைக்கவில்லை. துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப். இத்தனைதான் வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. உச்ச வரம்பும் கிடையாது. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் 20 முதல் 50 டாலருக்குள் முடிந்துவிடும். கலிஃபோர்னியா, நியூயார்க் பக்கம் 75, 100, அதற்கு மேலும் கேட்பார்கள். ஒரே ஆர்டரில் இரண்டு துப்பாக்கி வந்தால் படிவம் ஒன்றே போதும் என்பதால், இரண்டாவதற்குப் பல கடைகளில் குறைத்து வாங்குவார்கள். கேட்டால்தான் குறைப்பார்கள், அதனால் வாய் திறந்து கேளுங்கள். டெக்சஸில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு டீலர் ஃபோனில் பின்னணிச் சோதனை செய்யத் தேவையில்லை. வேலை மிச்சம் என்று சில கடைகள் அவர்களுக்கு ஐந்து பத்து குறைத்துக்கொள்கின்றன.

ஒருவர் 25 கேட்கிறார், அடுத்த தெருவில் 75. இது என்ன நியாயம்?

முதல் தடவை எனக்கும் இதே கோபம்தான் வந்தது. ஒரு 20 கேஜ் ஷாட்கன்னை 40 டாலர் மலிவு என்று ஆன்லைனில் வாங்கினேன். இணையக் கடை காட்டிய பட்டியலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டீலரை அப்படியே தேர்ந்தெடுத்துவிட்டேன். ஃபோன் பண்ணிக் கேட்கவில்லை. போய் நின்றால் 75 டாலர் என்றார்கள். மிச்சம் பிடித்ததும் போய், மேலே 35 டாலர் தண்டம். அன்றைக்குக் கடைக்காரர் மேல் பொல்லாத ஆத்திரம். பிறகு யோசித்தால், கேட்காமல் அனுப்பியது நான்தானே.

அவர் பக்கத்தையும் பாருங்கள். பெரிய கடைக்கு வாடகை, ஆள் சம்பளம், காப்பீடு எல்லாம் உண்டு. அவர் அலமாரியில் இருக்கும் அதே மாடலை நீங்கள் வேறிடத்தில் வாங்கி, அவர் கவுன்டரில் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த நஷ்டத்தை ஃபீஸில் போடுகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் அதற்கு நேர் எதிர்: குறைந்த ஃபீஸில் உள்ளே வரவழைத்தால் ஒரு பெட்டி தோட்டா, ஒரு உறை என்று ஏதாவது வாங்கிப் போவீர்கள் என்ற கணக்கு.

வீட்டிலிருந்தே உரிமம் வைத்து நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சமையலறை மேசை டீலர்கள் என்று இங்கே பேச்சுவழக்கில் சொல்வார்கள். ஊர் விதி அனுமதித்தால் அது முழுக்கச் சட்டப்படியானதே. கடை உரிமத்துக்கு அரசுக்குக் கட்டுவது முதல் மூன்று வருடத்துக்கு 200 டாலர், புதுப்பிக்க 90. வாடகை இல்லாததால் இவர்கள் 20, 25-க்கு முடித்துக்கொடுப்பார்கள். முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நான் இப்போது போவது அப்படி ஒருவரிடம்தான். கராஜை ஒட்டிய சின்ன அறை. பெட்டியைக் கத்தியால் கீறி, எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் உறையை உருவி, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு, சீரியல் நம்பரை இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பார். பிறகுதான் பதிவேட்டில் எழுதுவார். பொருள் வந்தால் அடுத்த வேலை நாள் முடிவதற்குள் அது பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், விதி அப்படி. நம்பரில் ஒரு எழுத்து மாறினாலும் சோதனைக்கு வரும் அதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பிழை பெருகினால் உரிமமே போகலாம். நீங்கள் நிரப்பிய படிவத்தைத் தொழில் நடத்தும் காலம் முழுக்க அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முன்பு 20 வருடம் என்று இருந்தது, 2022-ல் அப்படி மாற்றினார்கள். கடையை மூடினால் அத்தனையும் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஏ.டி.எஃப். மையத்துக்குப் போகும். 25 டாலருக்கு இத்தனை பொறுப்பு என்று தெரிந்த பிறகு, நான் அவரிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆன்லைனில் வாங்குவது லாபமா?

எப்போதும் இல்லை. ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பக்கத்துக் கடையில் ஒரு பிஸ்டல் 520 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 8.25 சதவீத வரியோடு 562.90. அதே பிஸ்டல் ஆன்லைனில் 465. ஷிப்பிங் 20. இரண்டுக்கும் சேர்த்து வரி 40.01. ட்ரான்ஸ்ஃபர் 35. மொத்தம் 560.01. மிச்சம் 2 டாலர் 89 சென்ட். இதற்கு ஒரு வாரம் காத்திருப்பும், இரண்டு தடவை கார் எடுப்பதும். வெளி மாநிலக் கடையில் வாங்கினால் வரி கிடையாது என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, பெரிய இணையக் கடைகள் உங்கள் மாநில வரியையும் வாங்கிவிடுகின்றன.

பக்கத்தில் எங்கும் கிடைக்காத பொருளைத் தேடும்போதுதான் ஆன்லைன் உண்மையில் உதவும். இடக்கைக்காரருக்கான ரைபிள், தயாரிப்பு நின்றுபோன மாடல், பழைய ரிவால்வர், இப்படி. விலை வித்தியாசம் 100 டாலருக்குக் கீழே இருந்தால் நான் கடையில்தான் வாங்குகிறேன். கடையில் கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்கலாம்; பிடி உங்கள் உள்ளங்கைக்குச் சேருகிறதா என்பதை எந்தப் படமும் சொல்லாது.

மாநில அரசுக்கு என்று தனியாக ஏதாவது உண்டா?

டெக்சஸில் இல்லை. ஃபெடரல் பின்னணிச் சோதனைக்கு எஃப்.பி.ஐ. கட்டணம் வாங்குவதில்லை. சில மாநிலங்கள் சோதனையைத் தாங்களே நடத்தி அதற்குக் காசு வாங்குகின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து மாநிலக் காவல்துறை ஒரு துப்பாக்கிக்கு 9 டாலர் வாங்குகிறது. தோட்டா வாங்கினால் 2.50. சியாட்டில் பக்கம் இருப்பவர்களுக்கு 18 டாலர், கூடவே பத்து வேலை நாள் காத்திருப்பு.

கலிஃபோர்னியா நண்பர்களுக்குத்தான் செலவு அதிகம். மாநிலக் கட்டணம் 37.19 டாலர், பாதுகாப்புத் தேர்வுச் சான்றிதழுக்கு 25, பத்து நாள் காத்திருப்பு. 2024 ஜூலையிலிருந்து டீலர்கள் விற்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதத் தனி வரியும் வந்திருக்கிறது. அந்த மாநிலத்தவர் இருவர் தங்களுக்குள் கைமாற்றும்போது டீலர் 10 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் உண்டு. அதைக் கேள்விப்பட்டுவிட்டு ஆன்லைன் ஆர்டருக்கும் 10 டாலர்தான் என்று நினைக்கிறார்கள். அந்த வரம்பு இணையக் கடையிலிருந்து வருவதற்குப் பொருந்தாது. தவிர, அங்கே அரசுப் பட்டியலில் இல்லாத புது மாடல் கைத்துப்பாக்கியை டீலர் சாதாரண வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது. காசு கட்டிவிட்டுப் பிறகு பட்டியலைப் பார்க்காதீர்கள்.

நியூ ஜெர்சியில் டீலரிடம் போவதற்கு முன்பே காவல்துறையிடம் வாங்குபவர் அடையாள அட்டை வாங்க வேண்டும், 50 டாலர். ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி, 25 டாலர். எடிசன் பக்கம் இருப்பவர்கள் இதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள்.

ஆர்டர் போடும் முன் டீலரிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி, "வெளியிலிருந்து வருவதை ஏற்றுக்கொள்வீர்களா?" எல்லாரும் ஏற்பதில்லை. ஏற்றால், கையில் வாங்கும்வரை மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். வெறும் "ஃபீஸ் எவ்வளவு" என்று கேட்டால் 30 என்பார். போன பிறகு சோதனைக்குத் தனியாக 10, கார்டு தேய்த்தால் 3 சதவீதம் என்று வரும். வந்த பொருளை எத்தனை நாள் வைத்திருப்பார் என்றும் கேளுங்கள். 30 நாளுக்கு மேல் போனால் வாடகை போடும் கடைகள் உண்டு. ஊருக்குப் போகும் டிசம்பர் மாதத்தில் ஆர்டர் போடாமல் இருப்பது நல்லது.

டீலர் சம்மதித்தால் தன் உரிமத்தின் நகலை விற்பவருக்கு அனுப்புவார். விற்பவர் அந்த உரிம எண்ணை ஏ.டி.எஃப். தளத்தில் சரிபார்த்த பிறகுதான் பெட்டியை அனுப்புவார். கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் டீலர்களின் பட்டியல் ஃபீஸோடு இருக்கும், ஆனால் அந்தத் தொகை பழையதாக இருக்கலாம். இரண்டு நிமிட ஃபோனில் தெரிந்துவிடும்.

கடையில் என்ன நடக்கும்? எதை எடுத்துப் போக வேண்டும்?

படம் போட்ட அரசு அடையாள அட்டை, அதில் இப்போதைய வீட்டு முகவரி. வீடு மாறிய பிறகு டிரைவிங் லைசென்ஸில் முகவரி மாற்றவில்லை என்றால் கார் பதிவு போன்ற வேறொரு அரசு ஆவணமும் வேண்டும். தபால் பெட்டி முகவரி செல்லாது. கிரீன் கார்டுக்காரர்கள் கார்டையும் கொண்டுபோங்கள், அதில் உள்ள எண்ணைப் படிவத்தில் கேட்பார்கள். டீலர் மூலம் வாங்க ஃபெடரல் சட்டப்படி ரைபிள், ஷாட்கன்னுக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21. சில மாநிலங்களில் எல்லாவற்றுக்குமே 21.

படிவத்தின் எண் 4473. நம் ஆட்கள் தடுமாறும் இடம் அதில் நாம் நிரப்பும் முதல் வரியே: பெயர். முழுச் சட்டப் பெயர் வேண்டும். லைசென்ஸில் ஒரு மாதிரியும் கிரீன் கார்டில் ஒரு மாதிரியும் இருந்தால் டீலர் யோசிப்பார். அப்பா பெயர் லாஸ்ட் நேமாக ஏறியிருக்கிறதா, உங்கள் பெயரே லாஸ்ட் நேமாகி முன்னால் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது) என்று நிற்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நடுப்பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமனே விடக்கூடாது. நடுப்பெயர் இல்லை என்பதற்கு என்.எம்.என். என்று எழுத வேண்டும். வெறும் இனிஷியல் மட்டும் இருந்தால் அதன் பக்கத்தில் ஐ.ஓ. என்று போட வேண்டும். ஒரு எழுத்தைத் தவிர வேறு நடுப்பெயர் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் குறிப்பு ரொம்ப உதவி. பின்னணிச் சோதனையில் தேடுவது பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான், அதனால் இதில் அசட்டையாக இருக்காதீர்கள்.

பிறகு ஆம், இல்லை கேள்விகள். கஞ்சா பற்றி ஒரு கேள்வி இருக்கும். உங்கள் மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் ஃபெடரல் சட்டத்தில் அது குற்றம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

சோதனையில் "டிலே" என்று வந்தால்? மறுத்துவிட்டால் ஃபீஸ் திரும்புமா?

சோதனைக்கு மூன்று பதில்கள்தான்: கொடுக்கலாம், பொறுங்கள், கொடுக்கக்கூடாது. பெரும்பாலோருக்குச் சில நிமிடத்தில் முதல் பதில் வந்துவிடும். "பொறுங்கள்" என்று வந்தால் பதற வேண்டாம். உங்களைப் போன்ற பெயரும் பிறந்த தேதியும் உள்ள வேறொருவர் இருந்தாலும் அப்படி வரும். மூன்று வேலை நாள் கழிந்தும் எஃப்.பி.ஐ.யிடமிருந்து பதில் இல்லை என்றால் டீலர் கொடுக்கலாம் என்று ஃபெடரல் சட்டம் சொல்கிறது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் என்றால் இது பத்து வேலை நாள்வரை நீளலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பதில் வரும்வரை கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் டீலரிடம் சண்டை போடாதீர்கள். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன், பதில் வராமல் மூன்று நாள் கடந்ததால் கிடைத்த துப்பாக்கியோடுதான் போனான். அதைத் தெரிந்த எந்த டீலரும் நிம்மதியாகத் தூக்கிக் கொடுக்க மாட்டார்.

மறுப்பு வந்தால் டீலர் தன் ஃபீஸைத் திருப்ப மாட்டார், வேலை செய்தாகிவிட்டது. துப்பாக்கி விற்றவருக்கே திரும்பிப் போகும். ஷிப்பிங் உங்கள் தலையில், இணையக் கடை ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். ஆள் மாறாட்டத்தால் வந்த மறுப்பு என்றால் எஃப்.பி.ஐ.யிடம் முறையிட வழி இருக்கிறது. அடிக்கடி இப்படி மாட்டுகிறவர்கள் விண்ணப்பித்து ஒரு தனி அடையாள எண் வாங்கிக்கொண்டால், அதைப் படிவத்தில் எழுதலாம்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். ஃபீஸ் கட்டினால் கொடுப்பார்களா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. முக்கியமான விலக்கு: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது கையில் இருந்தால் வாங்கலாம். டீலரிடம் அதைக் காட்ட வேண்டும், படிவத்தில் அதன் விவரம் ஏறும். விலக்கைப் புரிந்துகொள்ளாமல் விசாக்காரர்களுக்கு விற்பதில்லை என்று சொல்லிவிடும் டீலர்களும் உண்டு, அதனால் ஆர்டருக்கு முன்பே ஃபோனில் சொல்லிவிடுங்கள். டெக்சஸில் ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தவருக்கு லைசென்ஸ் 25 டாலர்தான். ஆனால் அந்த லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். செப்டம்பர் முதல் தேதி புதுப்பிக்காமல் வீட்டில் துப்பாக்கி இருந்தால், அன்றிலிருந்து நீங்கள் சட்டத்துக்கு வெளியே.

ரேஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இது பொருந்தும். கையில் பிடித்தாலே வைத்திருப்பதாகத்தான் கணக்கு. ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து ரேஞ்சுக்குப் போய், படம் எடுத்துப் போடும் தம்பிகளைப் பார்க்கும்போது வயிற்றில் புளி கரைக்கிறது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை என்றால் நாடு கடத்தவே அது ஒரு காரணம். பத்து வருடம் காத்திருந்த கிரீன் கார்டு வரிசை ஒரு சனிக்கிழமையில் போகும். அந்த 25 டாலர் லைசென்ஸை வாங்கிவிட்டு அப்புறம் போங்கள்.

எனக்காக சிட்டிசன் நண்பர் தன் பெயரில் ட்ரான்ஸ்ஃபர் வாங்கித் தரலாமா?

கூடாது. படிவத்தில் உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்ற கேள்வியே அதற்குத்தான். வாங்கித் தருகிறவர், பெறுகிறவர் இருவருமே சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்கள் என்றாலும் அந்தப் பொய் குற்றம்தான். தன் மாமாவுக்காகக் காசு வாங்கிக்கொண்டு பிஸ்டல் வாங்கிய முன்னாள் போலீஸ்காரர் ஆப்ராம்ஸ்கியின் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. தகுதி இல்லாதவருக்காக வாங்கினால் 2022 சட்டப்படி 15 வருடம்வரை சிறை. உங்கள் சொந்தக் காசில் வாங்கி, தகுதி உள்ளவருக்கு உண்மையான பரிசாகக் கொடுப்பது வேறு.

வந்த துப்பாக்கியில் கீறலோ குறையோ இருந்தால்?

கையெழுத்துப் போடுவதற்கு முன் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபர் முடிந்துவிட்டால் அது உங்கள் துப்பாக்கி; இணையக் கடை திரும்ப எடுக்காது, தயாரிப்பு நிறுவனத்திடம் போகச் சொல்லிவிடும். முன்பே சொன்னால் டீலர் வந்த வழியே அனுப்பிவிடலாம். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் துப்பாக்கியில் உள்ளதும் ஒன்றா, நீங்கள் கேட்ட மாடல்தானா, பழையது என்றால் குழலின் உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்னால் ஆள் காத்திருக்கிறார் என்று கூச்சப்பட வேண்டாம்.

டீலர் இல்லாமல் நேராக வீட்டுக்கு வருவது எதுவும் இல்லையா?

இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது ரிசீவர் அல்லது ஃபிரேம் எனப்படும், சீரியல் நம்பர் உள்ள உடல் பாகம்தான். அது தனியாக வந்தாலும் டீலர் வழிதான், ஃபீஸும் உண்டு. குழல், தோளில் வைக்கும் கட்டை, தொலைநோக்கி போன்றவை பெரும்பாலான மாநிலங்களில் வீட்டுக்கே வரும். 1898-லோ அதற்கு முன்போ செய்த பழம்பொருள் துப்பாக்கிகள் ஃபெடரல் சட்டத்தில் துப்பாக்கியே அல்ல. பழையதைச் சேகரிப்பவர்கள் 30 டாலர் கட்டி மூன்று வருடத்துக்குச் சேகரிப்பாளர் உரிமம் எடுத்தால், 50 வருடத்துக்கு மேற்பட்ட, பழைய நிலை மாறாதவற்றை வீட்டுக்கே வரவழைக்கலாம். இரண்டாம் உலகப்போர் ரைபிள்களில் ஆசை உள்ளவருக்கு முதல் ஆர்டரிலேயே அந்தக் காசு வந்துவிடும்.

சைலன்சர் தனி வகை. 1934-லிருந்து இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் அதற்குப் பூஜ்யமாகிவிட்டது. ஆனாலும் ஏ.டி.எஃப்.இன் ஒப்புதல் வேண்டும், டீலர் ஃபீஸும் சாதாரண ட்ரான்ஸ்ஃபரைவிட அதிகம்.

விற்பவர் கடைக்காரர் இல்லை, தனி ஆள். அப்போதும் இப்படித்தானா?

வேறு மாநிலத்தவர் என்றால் ஆம். இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய கூரியர் நிறுவனங்கள் தனி ஆள் அனுப்பும் துப்பாக்கியை இப்போது எடுப்பதில்லை. அதனால் அவர் தன் ஊர் டீலர் மூலம் அனுப்புவார். அங்கே ஒரு ஃபீஸ், இங்கே ஒரு ஃபீஸ். யார் எதைக் கட்டுவது என்று விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள். தனி ஆளிடமிருந்து வரும் பெட்டியை ஏற்காத டீலர்களும் உண்டு. ஏற்பவர்கள் அனுப்புகிறவரின் டிரைவிங் லைசென்ஸ் நகல் உள்ளே இருக்க வேண்டும் என்பார்கள்.

பூட்டு கொடுப்பார்களா?

கைத்துப்பாக்கி என்றால் பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ இல்லாமல் டீலர் கொடுக்கக்கூடாது. புதியதில் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பழையதில் இல்லாவிட்டால் அவரிடமே சில டாலருக்கு வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கம்பிப் பூட்டோடு நிற்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வந்த பிறகே துப்பாக்கி வரட்டும். நான் டீலரிடம் துப்பாக்கியை வாங்கப் போகும்போது சேஃப் ஏற்கெனவே சுவரில் பதித்திருந்தது. தோட்டா வேறு அறையில்.

ஊருக்கே திரும்பிப் போகிறேன். துப்பாக்கியை என்ன செய்வது?

சாமான்களோடு கண்டெய்னரில் போடலாம் என்று நினைக்கவே வேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி கலெக்டரிடமோ போலீஸ் கமிஷனரிடமோ லைசென்ஸ் வாங்காமல் எதையும் வைத்திருக்க முடியாது. வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பருக்குக் கொடுப்பதானாலும் நேராகக் கையில் கொடுக்கக்கூடாது. அவர் ஊர் டீலர் வழியாகத்தான், அதற்கும் இதே ஃபீஸ். எளிய வழி, நீங்கள் வாங்கிய டீலரிடமே கொண்டுபோவது. அவரே விலைக்கு எடுத்துக்கொள்வார், அல்லது அலமாரியில் வைத்து விற்றுத் தன் பங்கு போக மீதியைத் தருவார். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், சீரியல் நம்பர் அதில் இருக்க வேண்டும். பல வருடம் கழித்து அந்தத் துப்பாக்கி எங்காவது அகப்பட்டு யாராவது விசாரித்தால், உங்கள் பெயருக்கு அடுத்து யார் பெயர் என்று காட்ட அந்த ஒரு காகிதம் போதும்.